கீவேர்டு மெட்டா டேக்: நம் ஊர்க் கடைகளுக்குப் பயன் உண்டா?

குடந்தைக் கடைக்காரர்:
நாச்சியார்கோயில் பித்தளைக் குத்துவிளக்குகளை விற்கும் எங்கள் கடைக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தவர், ஒவ்வொரு பக்கத்தின் கீவேர்டு மெட்டா டேக்கிலும் (தேடுபொறிக்கான குறிச்சொற்களைப் பக்கத்தின் நிரலுக்குள் எழுதிவைக்கும் இடம்) இருநூறு சொற்களை எழுதி, அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கினார். ஆறு மாதமாகியும் கூகுளில் கடை தென்படவில்லை. இன்னும் சொற்களைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார். அது உண்மைதானா?

மன்னார்குடி நிரலாளர்:
உண்மையில்லை ஐயா. 1990களின் நடுவில் அல்டாவிஸ்டா, இன்ஃபோசீக் போன்ற தேடுபொறிகள் இந்த டேக்கைப் படித்தன. படிப்பவர் கண்ணில் படாத இடம் என்பதால், பக்கத்தில் இல்லாத பொருள்களின் பெயர்களையெல்லாம் அதில் திணித்தார்கள். அதன்மீதிருந்த நம்பிக்கை கெட்டது. வலைத்தேடலின் தரவரிசைக்கு இதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகுளே அறிவித்தது. அதை விளக்கியவர் அப்போது அங்கே பணியாற்றிய மேட் கட்ஸ். ஆகவே இருநூறு சொற்களை இரண்டாயிரம் ஆக்கினாலும் கூகுளில் உங்கள் கடை ஓர் இடம்கூட முன்னேறாது.

திருவாரூர் மொழிபெயர்ப்பாளர்:
இதை முழுவதுமாக ஒதுக்கிவிடுவதை நான் ஏற்கவில்லை. தஞ்சை என்றும் தஞ்சாவூர் என்றும், குடந்தை என்றும் கும்பகோணம் என்றும், நாச்சியார்கோயில் என்றும் நாச்சியார்கோவில் என்றும் மக்கள் தேடுகிறார்கள். தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாகத் தட்டச்சு செய்பவர்களும் ஏராளம். இத்தனை வடிவங்களையும் உரைக்குள் எழுதினால் யாரால் படிக்க முடியும்? யாண்டெக்ஸ் என்ற தேடுபொறி தன் உதவிப் பக்கத்தில் இந்த டேக்கைக் கணக்கில் கொள்ளக்கூடும் என்றே சொல்கிறது.

மன்னார்குடி நிரலாளர்:
நீங்கள் சொல்லும் சிக்கல் மெய்யானது அம்மா, நானும் அதில் அவதிப்பட்டிருக்கிறேன். ஆனால் யாண்டெக்ஸ் ரஷ்யாவில் பெரிதும் புழங்குவது. இந்தக் கடையின் வாடிக்கையாளர் தேடுவதோ கூகுளில். அது பொருட்படுத்தாத இடத்தில் சொற்களைச் சேர்ப்பதைவிட, 'குடந்தை என வழங்கும் கும்பகோணத்துக்கு அருகில்' என்று உரையில் ஒரே ஒரு முறை எழுதினால் இரண்டு பெயர்களும் இயல்பாக வந்துவிடும். விளக்கின் உயரம், எடை, எத்தனை திரி முகம், உச்சியில் அன்னமா வேறு வடிவமா, தண்டும் தட்டும் தனித்தனியே கழற்றித் துலக்கக் கூடியவையா, காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்த்ததா என்பனவற்றையெல்லாம் எழுதுங்கள். வாங்க நினைப்பவர் தேடும் சொற்கள் அவைதாம். பக்கத் தலைப்பும், படங்களுக்கான மாற்று உரையும் (படத்தில் இருப்பதைச் சொற்களில் சொல்லும் குறிப்பு) முக்கியம். பக்கத்தின் சுருக்கத்தை எழுதிவைக்கும் டிஸ்கிரிப்ஷன் மெட்டா டேக்கை மட்டும் இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தரவரிசையை உயர்த்தாவிட்டாலும், தேடல் முடிவில் தலைப்பின் கீழ் வரும் சிறு விவரமாக கூகுள் அதை எடுத்துக்காட்டக்கூடும்.

திருவாரூர் மொழிபெயர்ப்பாளர்:
கூகுளைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் தளத்தின் உள்ளேயே இயங்கும் தேடல் நிரல்களுள் சில இந்த டேக்கைப் படிக்கின்றன; நூற்றுக்கணக்கான பொருள்களை வைத்திருக்கும் கடைக்கு அது உதவும். ஆங்கில எழுத்துத் தமிழுக்கு உங்கள் வழியில் விடை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மன்னார்குடி நிரலாளர்:
உள்தேடலுக்கு வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆங்கில எழுத்துக்கு, ஆங்கிலத்தில் தனிப் பக்கம் எழுதி அதில் விளக்கின் பெயரைப் பரவலாக வழங்கும் எழுத்துக்கூட்டலில் தருவதே நேரிய வழி. எல்லா வடிவங்களும் அதில் அடங்கமாட்டா என்பதை நான் மறுக்கவில்லை.

குடந்தைக் கடைக்காரர்:
இதைப் படித்த பிறகு எங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு விளக்கின் படத்துக்கும் கீழே 'விலைக்குத் தொடர்பு கொள்ளவும்' என்பதைத் தவிர ஒரு வரியும் இல்லை. அந்த இருநூறு சொற்களில் வெள்ளிக் கொலுசும் பட்டுப் புடவையும்கூட இருக்கின்றன. நாங்கள் அவற்றை விற்பதே இல்லை. நாளைக் காலையில் பட்டறைக்குப் போய், பத்தரிடம் ஒவ்வொரு விளக்கின் அளவையும் எடையையும் கேட்டு எழுதி வருகிறேன்.