பார்மசியும் எம்பிஏவும் சேர்த்துப் படித்தவர்கள்: மதுரைப் பக்க அனுபவங்கள்

உசிலை மருந்தாளுநர்:

பார்மசி இளங்கலையான பி.பார்ம் கடைசி வருடத்தில் இருக்கும் தம்பி தங்கைகள் எங்கே பார்த்தாலும் கேட்பது ஒன்றுதான்: பார்மசி முதுகலையான எம்.பார்மா, எம்பிஏவா, இல்லை இரண்டும் சேர்த்தேயா? நான் இரண்டும் படித்தவன். ஊர் உசிலம்பட்டிப் பக்கம், வேலை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பார்மசியில். என்னைக் கேட்டால், இரண்டு படிப்பும் ஒன்றையொன்று மறுத்துப் பேசும் இடத்தில்தான் இரண்டாவது பட்டத்துக்கு மதிப்பே வருகிறது.

சேர்க்கை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-இல் வழி திறந்துவிட்டது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது. அல்லது ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை. பார்மசியைத் தொலைநிலையில் படிக்க அனுமதி கிடையாது, அதனால் தபாலில் போவது எம்பிஏவாகத்தான் இருக்க முடியும். எம்.பார்ம் சேர்க்கைக்கான ஜிபாட் தேர்வு எழுதி மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையில் எம்.பார்ம் படிப்பவர்கள் முழுநேர மாணவராக இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டையும் ஒரே படிப்பாகவே வேண்டும் என்றால் மொகாலியில் உள்ள தேசிய மருந்தியல் கல்வி நிறுவனமான நைப்பரில் எம்பிஏ (பார்ம்) இருக்கிறது; அதற்குத் தனி நுழைவுத் தேர்வு, குழு விவாதம், நேர்காணல். நான் பார்மசி பிராக்டிஸில் எம்.பார்ம் முடித்து, வேலையில் சேர்ந்த பிறகு எம்பிஏ எடுத்தேன். அந்த வரிசைதான் நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். காரணம் கீழே.

எம்பிஏ தொடர்பு வகுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரக்கு மேலாண்மைப் பாடம். ஏபிசி பகுப்பாய்வு நடந்துகொண்டிருந்தது. வருடச் செலவில் பெரும்பங்கை விழுங்கும் சில பொருட்கள் 'ஏ', நடுவில் உள்ளவை 'பி', எண்ணிக்கையில் நிறைய இருந்தும் செலவில் சொற்பமாக இருப்பவை 'சி'. 'சி' பொருட்களுக்கு மெனக்கெட வேண்டாம், அசையாமல் கிடந்தால் எடுத்துவிடுங்கள் என்றார் பேராசிரியர். ஜவுளிக்கடை வைத்திருந்தவரும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரும் தலையாட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன். "சார், எங்கள் அலமாரியில் பாம்பு விஷமுறிவு ஊசி இருக்கிறது. சில மாதம் ஒன்று கூட அசையாது. இதை எடுத்துவிடவா?"

அவர் யோசித்துவிட்டு நியாயமாகவே கேட்டார்: "அரசு ராஜாஜி மருத்துவமனை பக்கத்தில்தானே? அங்கே இலவசமாகவே போடுவார்களே, அனுப்பிவிடலாம் அல்லவா?"

அனுப்பலாம். ஆனால் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறையாமல் போகிறது. ஒரு கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்போம். சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் இருப்பவருக்கு வந்து சேர்ந்த இடத்திலேயே மருந்து தொடங்கினால்தான் நல்லது. நம் நாட்டில் கிடைக்கும் ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் பொதுவானது. முதல் தவணையே வழக்கமாகப் பத்துக் குப்பி. ஒவ்வொன்றிலும் தூளாக இருப்பதை 10 மில்லி தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். பத்துக் குப்பியை இரண்டு நர்ஸ்கள் உருட்டிக்கொண்டு நிற்க, வெளியே செக்கானூரணியிலிருந்து வந்த குடும்பம் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதை ஒரு தடவை பார்த்தவனுக்கு 'சி' வகை என்ற பேச்சு காதில் ஏறாது.

இங்கேதான் பார்மசிக்காரர்களின் இன்னொரு கணக்கு வருகிறது. வி.இ.டி: உயிர் காப்பவை, அவசியமானவை, இருந்தால் நல்லது என்பவை. ஏபிசி பணத்தைப் பார்க்கும், வி.இ.டி ஆளைப் பார்க்கும். இரண்டையும் குறுக்கே வைத்து ஒரு கட்டம் போட்டால் 'சி'யும் உயிர் காப்பதுமாக ஒரு மூலை கிடைக்கும். அந்த மூலைதான் எங்கள் வேலை. இருப்பு எவ்வளவு குறைந்தால் மறுபடி வாங்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் போடும் ரீஆர்டர் லெவல், மாத விற்பனைச் சராசரியில் ஓடுகிறது. விஷமுறிவு ஊசிக்கு அது 2 என்று காட்டும். இரண்டு குப்பி இருப்பதும் ஒன்றும் இல்லாததும் ஒன்றுதான். குறைந்தபட்ச இருப்பு என்பது ஒரு நோயாளிக்கான முதல் தவணை. அதற்குக் கீழே போகக் கூடாது.

இதை எம்பிஏ ப்ராஜெக்டாகவே செய்தேன். மருத்துவமனையின் ஒரு வருடக் கொள்முதல் பதிவேட்டை எடுத்து, அந்த மூலையில் விழும் மருந்துகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நோயாளிக் கணக்கில் இருப்பு வைத்தேன். விஷமுறிவு ஊசி போக, பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்கான பிராலிடாக்சிமும் அதில் வந்தது. அதே விஷத்துக்கான அட்ரோபின் வாங்கும் விலையில் சின்னது, ஆனால் அதே ஆளுக்கு எத்தனை ஆம்பூல் போகும் என்று வார்டில் நின்றவனுக்குத்தான் தெரியும். நிர்வாகம் காலாவதி நஷ்டத்தைக் கேட்டது; கேட்க வேண்டிய கேள்விதான். காலாவதிக்கு முன்பே மாற்றித் தருவதாக மொத்த வியாபாரியான ஸ்டாக்கிஸ்டிடம் எழுத்தில் வாங்கி, மற்ற மருந்துகளில் முடங்கிக் கிடந்த பணத்தைக் கணக்குக் காட்டி, அதற்குள் இது எவ்வளவு சிறிய தொகை என்று வைத்தேன். ஒத்துக்கொண்டார்கள். எம்.பார்ம் மட்டும் இருந்திருந்தால் எனக்கு அந்தக் காகிதம் எழுதத் தெரிந்திருக்காது. எம்பிஏ மட்டும் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

மேலூர் ரோடு:

அண்ணே, உங்கள் சம்பவம் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் பி.பார்ம், அப்புறம் மார்க்கெட்டிங்கில் எம்பிஏ. மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் மருந்துக் கம்பெனி ரெப்பாக டாக்டர்களிடம் அலைந்து, இப்போது ஏரியா மேனேஜர். டார்கெட் மாதக் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும் தொழில் இது, அதை மறைக்கவில்லை. ஒரு டாக்டர் அய்யா, வயதானவர், கிளினிக்கில் கூட்டம் தெருவரை நிற்கும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்து சேர்ந்த எங்கள் கூட்டு மாத்திரையை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது முந்தைய நோயாளியின் ரிப்போர்ட் மேசையில் கிடந்தது. அதைக் காட்டி, "இவருக்கும் போடலாமா?" என்றார். சிறுநீரக வடிகட்டும் அளவு முப்பதுக்குக் கீழே. "இவருக்கு மெட்ஃபார்மின் கூடாது சார், எங்களுடையதும் கூடாது" என்றேன். அவருக்குத் தெரியாமல் கேட்கவில்லை என்று அப்புறம் புரிந்தது. அன்றிலிருந்து கூட்டத்திலும் எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவார்.

2024-இல் வந்த மருந்து விற்பனை நெறிமுறை டாக்டருக்கும் வீட்டாருக்கும் அன்பளிப்பு கொடுப்பதைத் தடுத்துவிட்டது. பேனா, டைரி மாதிரி நினைவூட்டும் பொருள்கூட ஒன்று 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இனி கையில் பொருள் இல்லாமல் உள்ளே போகும் ரெப்புக்கு மருந்து தெரிந்திருக்க வேண்டும். பி.பார்மை மறந்துவிட்டு எம்பிஏவை மட்டும் நம்பி வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஃபார்ம்.டி இன்டர்ன்:

அமெரிக்காவில் பார்மசியும் எம்பிஏவும் ஒரே திட்டமாகவே இருக்கிறது என்று கேள்விப்பட்டு என் சித்தி மகளிடம் விசாரித்தேன், அவள் அங்கே அப்படித்தான் படிக்கிறாள். அங்கே மருந்தாளுநர் ஆவதற்கான ஃபார்ம்.டி நான்கு வருடத் தொழிற்படிப்பு. எம்பிஏ சேர்த்தால் பெரும்பாலும் ஐந்து. சில பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் எண்ணப்படுவதால் தனித்தனியாகப் படிப்பதைவிட நேரம் மிச்சம். இங்கிருந்து போக நினைப்பவர்களுக்கு அவள் அழுத்திச் சொன்னது: அங்கே வெறும் எம்பிஏ படித்தால் மருந்தாளுநர் உரிமம் கிடைக்காது. அந்த உரிமத்துக்கு, வெளிநாட்டில் 2003-க்குப் பிறகு பட்டம் முடித்தவர்களுக்கு ஐந்து வருடப் பாடத்திட்டம் தேவை, அதனால் நம் நான்கு வருட பி.பார்ம் போதாது. 2008-இல் தொடங்கிய நம் ஆறு வருட ஃபார்ம்.டி அந்தக் கணக்கில் நிற்கும். ஏஜென்சிக்காரர்கள் இதைச் சொல்லாமல் பணம் வாங்குகிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். அண்ணா, நான் இன்டர்ன்ஷிப் முடித்ததும் நேராக எம்பிஏ போகலாமா?

திருமங்கலம் மெடிக்கல்ஸ்:

கடை வைத்திருப்பவன் பேச்சையும் கேளுங்கள். என் மகன் எம்பிஏ முடித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தான். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்கு 2013 ஆணைப்படி நமக்கு வைத்திருக்கும் லாபம் 16 சதவீதம். அதற்குள் வாடகை, கரண்ட், பிரிட்ஜ், சம்பளம். அதற்கு மேல் டிஸ்கவுன்ட் போர்டு வைத்தால் என்ன மிஞ்சும் என்று முதல் வாரமே கணக்குப் போட்டுக் காட்டினான், சந்தோஷமாக இருந்தது. ஆனால் டாக்டர் சீட்டு கண்டிப்பாக வேண்டிய சில மருந்துகளின் விற்பனையை எழுதும் எச்1 பதிவேட்டை 'நேரம் வீண்' என்று தள்ளிவைக்கப் பார்த்தான். டாக்டர் பெயர், விலாசம், நோயாளி பெயர், மருந்து, அளவு எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம் தம்பி என்றேன். அவன் பார்மசி படிக்கவில்லை. இப்போது பார்மசி டிப்ளமோவான டி.பார்மில் சேர்த்திருக்கிறேன்.

உசிலை மருந்தாளுநர்:

தங்கச்சி, நேராகப் போகாதே. முதலில் ஒரு வேலையில் நில். வார்டாக இருந்தாலும் சரி, ஸ்டோராக இருந்தாலும் சரி. கொள்முதல் கமிட்டி கூட்டத்தில் ஓரமாக உட்கார அனுமதி கேள், பெரும்பாலும் தருவார்கள். எந்த மருந்து ஏன் வாங்கவில்லை என்று அங்கே பேசுவதைக் குறித்துவை. எம்பிஏ சேரும்போது ப்ராஜெக்ட் தலைப்புக்கு அலைய வேண்டியிருக்காது. தொலைநிலை என்றால் அந்த வருடத்துக்கு யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பார்த்துவிட்டுப் பணம் கட்டு. என் ப்ராஜெக்டில் போட்ட கட்டத்தின் மாதிரி வேண்டுமானால் சொல், மருத்துவமனை விவரங்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.