கப்பல் இசைக்குழுவில் வேலை: 'ஒரு சொட்டு கூடாது' விதியோடு 6 மாதம் இருக்க முடியுமா?

சாந்தோம் கீபோர்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. ஞாயிறு காலை சர்ச் கொயரில் வாசிக்கிறேன், வெள்ளி, சனி இரவுகளில் ஒரு நட்சத்திர ஹோட்டல் லவுஞ்சில். ஆடிஷன் வீடியோ அனுப்பியதில், மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போகும் ஒரு கப்பலில் ஐந்து பேர் கொண்ட பேண்டில் இடம் கிடைத்திருக்கிறது. 6 மாத கான்ட்ராக்ட். மெடிக்கல் முடிந்துவிட்டது, சிடிசி (கப்பல் ஊழியருக்கான அடையாளப் புத்தகம்) கைக்கு வந்துவிட்டது, அடுத்த வாரம் விசா நேர்காணல்.

நேற்று கான்ட்ராக்டை வரிவரியாகப் படித்தேன். மது பற்றி ஒரு பக்கமே இருக்கிறது. கப்பலில் எந்த நேரத்திலும் குடிக்கக் கூடாது. துறைமுகத்தில் இறங்கிக் குடித்தாலும், திரும்பி ஏறும்போது சோதனையில் பூஜ்யம்தான் காட்ட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ஊதச் சொல்வார்கள். ஊத மறுத்தால் குடித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். பிடிபட்டால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள், விமான டிக்கெட்டும் நம் தலையில்தான்.

நான் குடிக்காதவன் என்று பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை வாசித்து முடித்த பிறகு ஒரு ஸ்ட்ராங் பீர், சில நாள் இரண்டு. விட முடியாத நிலையில் இல்லை. ஆனால் மூன்று விஷயம் புரியவில்லை. கப்பலை ஓட்டுகிறவருக்கு இந்த விதி சரி, மேடையில் பாட்டு வாசிக்கிறவனுக்கு எதற்கு? பயணிகள் அன்பாக ஒரு கிளாஸ் அனுப்பினால் என்ன செய்வது? அப்புறம், எனக்குச் சின்ன வயதிலிருந்தே வயிற்றுக் கோளாறு. அம்மா இரண்டு பாட்டில் தசமூலாரிஷ்டம் எடுத்து வைத்திருக்கிறார். அதைக் கொண்டுபோகலாமா?

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நாலு கம்பி எழுதியது:

தம்பி, வாழ்த்துகள். நான் பாஸ் கிட்டார். 9 வருடம், 4 கப்பல். இப்போது திருச்சியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருக்கிறேன். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கப்பலில் நீ வெறும் கீபோர்டு வாசிப்பவன் இல்லை. ஏறிய அன்றே உனக்கு ஓர் அவசரகால எண் கொடுப்பார்கள். பேக்கர், டான்சர், சலூன்காரர், இசைக்காரர் எல்லோருக்கும் உண்டு. மணி அடித்தால் எங்கே நிற்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்த எண்ணில் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது படிக்கட்டு வழிகாட்டி வேலை. ஐந்தாம் தளத்து முன்பக்கப் படிக்கட்டில், மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சோடு நின்று பயணிகளைச் சரியான பக்கம் அனுப்ப வேண்டும்.

2014-இல் நான் இருந்த கப்பலில் முழுத் தடை கிடையாது. ரத்தத்தில் ஆல்கஹால் 0.04 சதவீதம் என்ற வரம்புக்குள் இருந்தால் போதும். க்ரூ பாரில் பீர் ரொம்ப மலிவு. ஒருநாள் இரவு 12.15-க்குக் கடைசி செட் முடிந்தது. டிரம்மரோடு உட்கார்ந்து மூன்று சின்ன பீர் குடித்தேன். அப்போது நான் 60 கிலோ, ஒல்லி உடம்பு. ஒன்றரை மணிக்குப் படுத்துவிட்டேன். 3.10-க்கு ஸ்பீக்கரில் "பிராவோ, பிராவோ, பிராவோ" என்றார்கள். தீ என்று அர்த்தம். சலவைக்கூடத்து டிரையரில் பிடித்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஏழு குட்டி ஒலி, ஒரு நீள ஒலி. பயிற்சிக்கு மட்டுமே கேட்டுப் பழகிய சத்தம், அர்த்தராத்திரியில்.

ஓடிப்போய் என் இடத்தில் நின்றேன். தலை சுற்றவில்லை, கால் தள்ளாடவில்லை. நான் தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். எழுபது வயது இருக்கும் ஓர் அம்மா, நைட்டி மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கணவரின் வாக்கரைப் பிடித்தபடி வந்து, "பன்னிரண்டாம் நம்பர் படகு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். லைஃப்போட்டில் ஒற்றைப்படை எண்கள் எல்லாம் வலப்பக்கம், இரட்டைப்படை எண்கள் எல்லாம் இடப்பக்கம். முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பது. நான் வலப்பக்கம் கையைக் காட்டினேன். அவர்கள் திரும்ப, பின்னால் வந்த முப்பது பேரும் அவர்களோடு திரும்பிவிட்டார்கள். கீழ்ப்படியில் நின்ற ஒரு பிலிப்பைன்ஸ் பெண், ஹவுஸ்கீப்பிங் வேலை செய்பவள், படியேறி வந்து "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கத்தி எல்லோரையும் திருப்பினாள். அந்த வாக்கரை அந்த நெரிசலில் மறுபடி திருப்ப எவ்வளவு நேரம் ஆனது என்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நாற்பது நிமிடத்தில் தீ அணைந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என்னை யாரும் ஊதச் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு கப்பலில் நான் குடித்ததே இல்லை.

1991-இல் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஓஷியனோஸ் என்ற கப்பல் மூழ்கியது. கேப்டன் முன்னாலேயே வெளியேறிவிட்டார். வானொலியில் உதவி கேட்டதும், படகுகளில் போனவர்கள் போக மிஞ்சிய பயணிகளை ஒவ்வொருவராக ஹெலிகாப்டர் கயிற்றில் கட்டி ஏற்றியதும் மேடைக் கலைஞர்கள்தான். முன்னால் நின்றவர் மாஸ் ஹில்ஸ், கிட்டார்காரர். 571 பேரும் பிழைத்தார்கள். அந்த இரவு கிட்டார்காரர் போதையில் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1912-இல் டைட்டானிக்கில் வாசித்த 8 பேரும் கப்பல் கம்பெனியின் ஊழியர்கள் இல்லை. லிவர்பூல் ஏஜென்ட் ஒருவர் மூலம் வந்தவர்கள், இரண்டாம் வகுப்புப் பயணிகள் பட்டியலில்தான் பெயர். எட்டுப் பேரும் இறந்தார்கள். இறந்த இரண்டே வாரத்தில், ஒரு வயலின் இளைஞனின் அப்பாவுக்குச் சீருடைக் கணக்கில் பாக்கி என்று அந்த ஏஜென்சி கடிதம் எழுதியது. இன்றைக்கு உன்னைக் கப்பல் ஊழியன் என்று எழுதி, வேலை நேரம், ஓய்வு நேரம், வைத்தியம் எல்லாம் சட்டத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த ஊழியன் என்ற பெயரோடுதான் ஊதும் குழாயும் வருகிறது. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

பயணிகள் கிளாஸ் அனுப்புவது தினமும் நடக்கும். முதல் நாளே பார்டெண்டரிடம் போய் உன் பெயரைச் சொல்லி, "எனக்கு யார் என்ன அனுப்பினாலும் லைம் சோடா" என்று சொல்லி வை. அதே கிளாஸ், அதே எலுமிச்சைத் துண்டு. வாங்கித் தந்தவரைப் பார்த்து உயர்த்திக் காட்டி ஒரு வாய் குடி. அவருக்கும் சந்தோஷம்.

அரிஷ்டத்தை அம்மாவிடமே கொடுத்துவிடு. அது புளிக்கவைத்துச் செய்வது, அதிலேயே ஆல்கஹால் ஊறும். லேபிளைத் திருப்பிப் பார், 5 முதல் 10 சதவீதம் என்று போட்டிருக்கும். பீருக்குச் சமம். ஹோமியோபதி சொட்டு மருந்தும் அப்படித்தான். வயிற்றுக்கு மாத்திரையாக எழுதித் தரச் சொல்லி, டாக்டர் சீட்டோடு எடுத்துப் போ. ஏறியதும் கப்பல் மருத்துவரிடம் காட்டிப் பதிந்துகொள். இருமல் மருந்து இங்கிருந்து வாங்கிப் போகவே போகாதே. சிலதில் கோடீன் இருக்கும், அது போதைப்பொருள் சோதனையில் மாட்டிவிடும்.

---

டேங்கர் மேட் எழுதியது:

நான் எண்ணெய்க் கப்பலில் செகண்ட் மேட், அதாவது கப்பலை ஓட்டும் அதிகாரிகளில் ஒருவன். எங்கள் கப்பலில் கிறிஸ்துமஸுக்குக்கூடச் சொட்டு கிடையாது, அதனால் கணக்கு மட்டும் சொல்கிறேன்.

சர்வதேச விதியில் (எஸ்டிசிடபிள்யூ என்ற கப்பல் ஊழியர் பயிற்சி, பணி ஒப்பந்தம், 2010 மணிலா திருத்தம், 2012 ஜனவரி 1 முதல் அமல்) பாதுகாப்புக் கடமையில் இருப்பவருக்கு ரத்தத்தில் 0.05 சதவீதம், அல்லது மூச்சில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்தான் உச்சம். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் வரம்பு 0.04. இதற்குக் கீழே எவ்வளவு கடுமையாக வைப்பது என்பது கம்பெனியின் இஷ்டம். பூஜ்யம் என்று வைத்துவிட்டால், கொஞ்சம்தானே என்ற பேச்சே வராது.

நாலு கம்பி அண்ணன் குடித்த மூன்று பீரை எடுத்துக்கொள்ளுங்கள். 330 மில்லி, 5 சதவீதம் என்றால் ஒன்றுக்கு 13 கிராம் ஆல்கஹால். மொத்தம் 39 கிராம். 60 கிலோ ஆணுக்கு ஏறத்தாழ 0.095 வரை ஏறும். உடம்பு மணிக்கு 0.015 அளவில்தான் எரிக்கும். காபி, குளியல், தூக்கம் எதுவும் அதை வேகப்படுத்தாது. 12.20-க்கு ஆரம்பித்தவருக்கு 3.10-க்கு இன்னும் 0.05 இருந்திருக்கும். அண்ணே, நீங்கள் தெளிவாக இருந்ததாக நினைத்தீர்கள். வரம்பைத் தாண்டித்தான் நின்றிருக்கிறீர்கள். அது பூஜ்யத்துக்கு வரக் காலை ஆறரை, ஏழு ஆகியிருக்கும்.

சாந்தோம் தம்பி, நம் ஊர் 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டில் 8 சதவீதம் என்றால், ஒரே பாட்டிலில் 41 கிராம். அண்ணன் குடித்த மூன்றையும் விட அதிகம். "ஒரு பீர்தானே" என்று சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் மதியம் இறங்கி இரண்டு அடித்துவிட்டு மாலை கேங்வேயில் (கப்பலில் ஏறும் பாலத்தில்) ஊதினால் தப்பவே முடியாது.

---

டிரம்ஸ் வாத்தியார் எழுதியது:

அண்ணன்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பூஜ்யம் என்ற விதி மனிதர்களை எப்படி நடத்துகிறது என்பதையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் இருந்த ஒரு கப்பலில் (பெயர் வேண்டாம்) இரவு ஒன்றே முக்காலுக்குக் கேபின் கதவைத் தட்டினார்கள். இரண்டு செக்யூரிட்டி. அப்போதுதான் பல் துலக்கி, மவுத்வாஷ் கொப்பளித்துத் துப்பியிருந்தேன். வாயில் அந்தப் புதினா எரிச்சல் இன்னும் இருந்தது. கவரைக் கிழித்துப் புதுக் குழாயை மாட்டி நீட்டினார்கள். ஊதினேன். 0.03. எனக்கு உயிரே போய்விட்டது. நான் மாதக்கணக்கில் தொட்டதே இல்லை. மவுத்வாஷ் என்று சொல்லிப் பாட்டிலைக் காட்டினேன். அதில் ஆல்கஹால் என்று எழுதியிருக்கிறது. இருபது நிமிடம் நிற்க வைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். 0.00. வாயில் ஒட்டியிருப்பது பதினைந்து நிமிடத்தில் போய்விடும், ரத்தத்தில் இருப்பது போகாது. விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் முதல் எண்ணை வைத்து எழுத்துமூல எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்தக் காகிதம் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. அடுத்த கான்ட்ராக்ட் வரவில்லை. அதனால்தானா என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு இப்போதும் அது வலிக்கிறது.

அதனால் தம்பி, ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ் வாங்கு. முதல் சோதனையில் ஏதாவது காட்டினால் இரண்டாவது சோதனையைக் கேள். கையெழுத்துப் போடும்போது இரண்டு எண்ணையும் நேரத்தையும் உன் கையால் எழுதிப் போடு. எம்எல்சி (கப்பல் தொழிலாளர் உரிமைக்கான சர்வதேச ஒப்பந்தம்) சட்டப்படி கப்பலிலேயே புகார் கொடுக்கும் உரிமை உனக்கு உண்டு, புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது. நான் அப்போது இது தெரியாமல் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். டிக்கெட் காசைச் சம்பளத்தில் பிடிப்பதும் கடுமையான தவறு செய்ததாக முடிவானால்தான். சும்மா பிடிக்க முடியாது.

இன்னொரு மனக்குறையும் உண்டு. ஒரு வாரம் வந்து போகும் கெஸ்ட் ஆர்ட்டிஸ்ட் பயணிகள் பாரிலேயே உட்கார்ந்து குடிப்பார். அதே மேடையில் அவருக்குப் பின்னால் வாசிக்கும் நமக்குத் தடை. அவருக்கு மஸ்டர் கடமை (அவசரகாலத்தில் பயணிகளைக் கூட்டி வழிகாட்டும் வேலை) இல்லை என்பது காரணம், புரிகிறது. ஆனால் பாரைப் பிடுங்கிவிட்டால் நமக்குப் பதிலுக்கு ஏதாவது தர வேண்டாமா? கடைசி செட் முடிந்து உடம்பெல்லாம் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னல் இல்லாத கேபின், மேல் கட்டிலில் தூங்கும் இன்னொருவர். இரவு ஒரு மணிக்கு உட்கார இடமே இருக்காது. ஒரு கப்பலில் எங்கள் எம்.டி. (மியூசிக் டைரக்டர்) பேசி, சின்ன ஒத்திகை அறையை இரண்டு மணி வரை திறந்து வைக்கச் செய்தார். டீயும் பிஸ்கெட்டும் வைத்துக்கொண்டு ஹெட்ஃபோனில் வாசிப்போம். அந்தக் கான்ட்ராக்டில் எங்கள் பேண்டில் ஒருவர்கூடச் சோதனையில் மாட்டவில்லை. போனதும் உன் எம்.டி.யிடம் இதைக் கேட்டுப் பார்.

---

சாந்தோம் கீபோர்டு எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

அண்ணன்களுக்கு நன்றி. கப்பலிலிருந்து எழுதுகிறேன், நெட் காசு கொடுத்துத்தான், அதனால் சுருக்கமாக.

அரிஷ்டத்தை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அம்மாவுக்குக் கோபம், ஓமம் வறுத்துப் பொடி செய்து கொடுத்துவிட்டார். இரண்டு முறை ஊதச் சொன்னார்கள், இரண்டும் பூஜ்யம். லைம் சோடா யோசனை நன்றாக வேலை செய்கிறது. பார்டெண்டர் இந்தோனேசியாக்காரர், இப்போது நான் மேடை ஏறும் முன்பே ஊற்றி வைத்துவிடுகிறார்.

முதல் இரண்டு சனிக்கிழமை கஷ்டமாக இருந்தது, மறைக்கவில்லை. ஒத்திகை அறை பற்றி எம்.டி.யிடம் கேட்டேன். பத்தரைக்குப் பூட்டிவிடுகிறார்கள், பேசிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை க்ரூ மெஸ்ஸில் மூலை மேசை, ஒரு டீ.

ஏறிய அன்று அவசரகால எண் கொடுத்தார்கள். எனக்கும் படிக்கட்டுதான், ஆறாம் தளம், பின்பக்கம். என் படகு 8. இடப்பக்கம்.