கடவாய்ப்பல் அடைப்பு: ஒரே பொருளா, இரண்டையும் சேர்த்தா?

கீழக்கரைக்காரன்:
மச்சான் சங்கு குளிக்கிறவர். கீழ்க் கடவாய்ப்பல்லில் பழைய வெள்ளி அடைப்பு இருந்தது, அதை ஒட்டிய பல்லின் சுவர் ஈறுக்குக் கீழே வரை பிளந்து விழுந்துவிட்டது. நரம்பு நன்றாக இருக்கிறதாம். ஒரு டாக்டர் முழுக்க காம்போசிட் (பல் நிறத்தில் இருக்கிற ரெசின், அதாவது பிசின் அடைப்பு) என்கிறார். இன்னொருவர் அடியில் கிளாஸ் அயனோமர் என்கிற பல் சிமென்ட், மேலே காம்போசிட் என்கிறார். இப்போதைக்குக் கிராம்பு வாசம் அடிக்கிற தற்காலிகச் சிமென்ட் வைத்திருக்கிறார்கள். எதைக் கேட்பது?

சேதுக்கரை:
திரும்ப வெள்ளியே வைக்கச் சொல்லுங்கள். எங்கள் அப்பாவுக்கு நான் பள்ளிக்கூடம் போகும்போது வைத்தது, தூண்டில் நரம்பைப் பல்லால் கடித்தே அறுக்கிற மனிதர், முன்பல்லில் பள்ளம் விழுந்துவிட்டது ஆனால் அந்த அடைப்பு இன்னும் அசையவில்லை. கொஞ்சம் எச்சில் பட்டாலும் தாங்கும். கடவாய்ப்பல் வெள்ளையாக இருக்கிறதா என்று எவன் பார்க்கப் போகிறான்?

அலைவாய்:
நிறமா பிரச்சினை? அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் போட்ட 2013 மினமாட்டா உடன்படிக்கையிலேயே இதைக் குறைக்கச் சொன்னார்கள், இந்தியா 2018ல் ஒப்புதல் கொடுத்தது. பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைக்க வேண்டாம் என்று 2022ல் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல் அநேகமாக யாருக்குமே கிடையாது. சாக்கடையில் போகிற பாதரசம் கடைசியில் மீனில்தான் ஏறும், நாம் தினமும் தின்கிற மீனில்.

சேதுக்கரை:
சரி, புதிதாக வைக்க வேண்டாம் என்கிறீர்கள். அதற்காக நன்றாக இருக்கிற பழைய அடைப்பைத் தோண்டி எடுக்கச் சொல்லிவிடாதீர்கள், தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும்.

அலைவாய்:
அதை யார் சொன்னது? இங்கே உடைந்தே போய்விட்டது அண்ணே.

மண்டபம் பல்டாக்டர்:
நான் இந்த வேலையே செய்கிறவன். காம்போசிட் எனாமலில், அதாவது பல்லின் வெளி ஓட்டில், பிடிக்கிற பிடி வேறு, ஈறுக்குக் கீழே எனாமல் இல்லாத இடத்தில் பிடிக்கிற பிடி வேறு. லைட் காட்டி இறுக்கும்போது அது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்குகிறது, பிடி தளர்வான அடி ஓரம்தான் முதலில் விலகும், அந்த இடுக்கில் மறுபடியும் சொத்தை. இந்த இடத்தில் பல்லைச் சுற்றித் தகடு கட்டி, இடுக்கில் ஆப்பு வைத்து இறுக்கினாலும் ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டேதான் இருக்கும். கிளாஸ் அயனோமர் அந்த ஈரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், பல்லில் இருக்கிற கால்சியத்தோடு நேரடியாக ஒட்டும், ஃப்ளோரைடும் விடும். ஆனால் மெல்லுகிற பாரத்தைத் தாங்காது, தேயும். அதனால் மேலே காம்போசிட். பழைய வகை அயனோமர் திறந்த ஓரத்தில் கரையும், ரெசின் கலந்ததை வைக்கச் சொல்லுங்கள்.

அலைவாய்:
டாக்டர், இரண்டு பொருள் வைத்தால் நடுவில் இன்னொரு ஒட்டு வருகிறதே, அது விடாதா? எச்சில் படாமல் பல்லைச் சுற்றி மாட்டுகிற ரப்பர் டேம் ஷீட்டைப் போட்டு, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பொறுமையாக அடுக்கினால் காம்போசிட்டே போதும். அதற்கு நேரம் இல்லாதவர்கள்தான் அயனோமரைப் போட்டு மூடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மண்டபம் பல்டாக்டர்:
அப்படி மூடுகிறவர்களும் உண்டு. டேம் நன்றாக உட்காருகிற பல் என்றால் நானும் காம்போசிட் மட்டும்தான் வைப்பேன். ஈறுக்குக் கீழே உடைந்ததில் டேம் எப்படித் தம்பி உட்காரும்? ஈறைக் கொஞ்சம் வெட்டி ஓரத்தை வெளியே கொண்டுவரலாம், அதற்குத் தனிச் செலவு, தனி வலி.
கீழக்கரைக்காரருக்கு இரண்டு விஷயம். அந்தக் கிராம்புச் சிமென்டில் யூஜெனால் இருக்கும், அது மிச்சம் இருந்தால் மேலே வைக்கிற காம்போசிட் சரியாக இறுகாது, சுத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டாவது, உங்கள் மச்சான் வேலைக்கு எந்தப் பொருள் என்பதைவிட உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் அடைப்பதுதான் முக்கியம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அடைப்புக்குள் சிக்கிய காற்று இறங்கும்போதும் ஏறும்போதும் வலியை உண்டாக்கும், சில நேரம் மேலே வரும்போது பல்லையே பிளந்துவிடும். அடைத்தபின் குறைந்தது ஒரு நாளாவது கடலில் இறங்க வேண்டாம்.

கீழக்கரைக்காரன்:
போன மாசம் மேலே ஏறும்போது சுருக்கென்று குத்தியது என்றார், மறுநாள்தான் சுவர் விழுந்தது. செலவுதான் யோசனை டாக்டர்.

மண்டபம் பல்டாக்டர்:
புதுக்கோட்டையில் 2023ல் வந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அங்கே காட்டுங்கள்.

சேதுக்கரை:
கீழக்கரையிலிருந்து புதுக்கோட்டைக்கா? பஸ்ஸுக்கும் ஒரு நாள் வேலை போனதற்கும் சேர்த்தால் இங்கேயே வைத்துவிடலாமே டாக்டர்.

அலைவாய்:
இங்கேயே வையுங்கள், ஆனால் முழுக்க காம்போசிட். ஈறை வெட்ட வேண்டும் என்றால் வெட்டட்டும். நான் மாற மாட்டேன்.

மண்டபம் பல்டாக்டர்:
மாற வேண்டாம் தம்பி. இன்னொரு சுவரும் மெலிந்திருந்தால் நாம் பேசிய எதுவுமே போதாது, பல்லை முழுக்க மூடுகிற உறை, கேப்தான். கேப் போட்டால் ரெசின் சிமென்டால் ஒட்டச் சொல்லுங்கள், பழைய ஜிங்க் பாஸ்பேட் சிமென்ட் ஆழத்துக்குப் போய் வருகிறவர்களுக்குப் பிடி விட்டுவிடும்.

கீழக்கரைக்காரன்:
மிச்சச் சுவர் எவ்வளவு கனம் என்று நாளைக்கு அளந்து கேட்டு எழுதுகிறேன்.