ஏற்காடு: 300 மீட்டர் தள்ளி இருக்கும் வைஃபைக்கு டப்பா ஆன்டெனா எடுபடுமா?

நாகலூர்_காபி:
வணக்கம். மேட்டில் பெரியப்பா வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டது. எங்கள் வீடு சரிவில், சுமார் 300 மீட்டர் கீழே. நடுவில் காபிச் செடி, நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி. மொட்டை மாடியில் நின்றால் அவர் வைஃபையின் பெயர் போனில் தெரிகிறது, ஆனால் இணைய மாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டு பெரியப்பாவே கொடுத்தார். மகள் ராத்திரியில் கல்லூரிப் பாடம் பார்க்க அந்த மேட்டுக்குப் போய்வருவது எனக்குப் பயமாக இருக்கிறது.

கணினியில் சொருகி வைஃபை பிடிக்கும், ஆன்டெனா கழற்றி மாட்டும் யூஎஸ்பி டாங்கிள் ஒன்றும், 13 செ.மீ. விட்டமுள்ள பால் பவுடர் டப்பாவும் இருக்கின்றன. டப்பாவை ஆன்டெனாவாக்கி மாடியில் கட்டி, 10 மீட்டர் ஆன்டெனா கேபிளில் கீழே கொண்டுவரலாமா? மூடுபனி இறங்கினால் சிக்னல் போய்விடுமா?

அஸ்தம்பட்டி_ரேடியோ:
தாராளமாகச் செய்யலாம் அக்கா. ஆனால் அந்த டப்பா வேண்டாம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் சுமார் 12.3 செ.மீ. டப்பா விட்டம் 7.5-லிருந்து 9.4 செ.மீ.க்குள் இருந்தால் உள்ளே அலை ஒரே வடிவத்தில் ஒழுங்காகப் போகும். 13 செ.மீ. என்றால் வேறு வடிவங்களும் கிளம்பிக் குறி கலைந்துவிடும்.

9 செ.மீ. விட்டம், 15 செ.மீ.க்குக் குறையாத நீளம் உள்ள தகர டப்பா தேடுங்கள். மூடிய அடியிலிருந்து 5.1 செ.மீ. தள்ளித் துளை போட்டு என்-கனெக்டர் (ஆன்டெனா கேபிள் மாட்டும் உலோக இணைப்பு) பொருத்துங்கள், அதிலிருந்து உள்ளே நிற்கும் செம்புக் கம்பி 3.1 செ.மீ. டப்பா 8.3 செ.மீ. என்றால் துளை 6.2-இல் வரும். பெரியப்பா ரூட்டரின் குச்சி நெட்டுக்குத்தாக நின்றால் உங்கள் கம்பியும் அப்படியே நிற்க வேண்டும்.

10 மீட்டர் கேபிளை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். சாதாரண ஆர்ஜி-58 வகைக் கேபிள் இந்த அதிர்வெண்ணில் மீட்டருக்கு ஒரு டெசிபல் அளவுக்குச் சிக்னலைத் தின்னும். டப்பாவால் வரும் லாபம் முழுவதும் கேபிளிலேயே போய்விடும். டாங்கிளையும் மாடியிலேயே கட்டி, யூஎஸ்பி ஒயரை இறக்குங்கள். அதற்கு 5 மீட்டர்தான் கணக்கு, அதைவிட நீளம் வேண்டுமென்றால் ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் (சிக்னலைத் திரும்பப் பலப்படுத்தும் யூஎஸ்பி ஒயர்).

மூடுபனி இந்த அலையை ஒன்றும் செய்யாது. ஈர இலைதான் எதிரி. 300 மீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் நேர்க்கோட்டைச் சுற்றி 3 மீட்டராவது திறந்திருந்தால் நல்லது.

சல்லடை_சேலம்:
துளை போடுவதற்கு முன் இதைப் பாருங்கள். குழிவான கம்பிவலைச் சல்லடையின் நடுவில், அலைகள் வந்து குவியும் இடமான குவியத்தில் டாங்கிளை நிறுத்தினால் போதும். குவியம் அடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அறிய, அகலத்தின் வர்க்கத்தை, ஆழத்தின் 16 மடங்கால் வகுக்க வேண்டும். 30 செ.மீ. அகலம், 7.5 ஆழம் என்றால் குவியமும் 7.5 செ.மீ.யில். செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக் கடைகளில் தேடிப் பாருங்கள். வலை உலோகமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது.

நாகலூர்_காபி:
இரண்டு பேருக்கும் நன்றி. முதலில் சல்லடை, அப்புறம் டப்பா. மரக் கவாத்துக்கு ஆள் வரும்போது அந்தக் கோட்டில் வரும் கிளைகளைக் கழிக்கச் சொல்கிறேன். பெரியப்பா வீட்டிலும் ஒரு டப்பா வைக்கணுமா?

அஸ்தம்பட்டி_ரேடியோ:
இப்போதைக்கு வேண்டாம். ஆன்டெனா வாய்க்கும் காதுக்கும் சேர்த்து வேலை செய்வது, ஒரு முனையில் வைத்தாலே போக்குவரத்து இரண்டுக்கும் உதவும். அவர் ரூட்டரை உங்கள் வீட்டைப் பார்த்த ஜன்னலுக்கு மாற்றச் சொல்லுங்கள். டப்பா வாயைப் பிளாஸ்டிக் மூடியால் அடையுங்கள். இடி மின்னல் தொடங்குவதற்கு முன்பே ஒயரைக் கணினியிலிருந்து பிடுங்கிவிட வேண்டும், மகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.