கனடா ஸ்பவுஸ் ஸ்பான்சர்: "உண்மையான திருமணமா?" என்று ஆபீசர் கடிதம். பதிலில் என்னென்ன வைக்கணும்?

கருங்கல்காரன்

அக்காவுக்காகக் கேட்கிறேன். அத்தான் கனடா பிஆர் (அங்கே நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவர்), பிராம்ப்டனில் வேலை. அக்கா நாகர்கோவிலில் ஸ்டாஃப் நர்ஸ். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்த சம்பந்தம். 2024 மே மாதம் பெண் பார்த்தார்கள். பிடித்துப்போனதால் அத்தான் லீவு முடிவதற்குள்ளேயே சார்பதிவாளர் ஆபீசில் ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்படி நோட்டீஸ் கொடுத்தாயிற்று. ஜூலையில் அவர் வந்து ரெஜிஸ்டர் பண்ணினார்கள். 2025 ஜனவரியில் ஊர்க் கோயிலில் (கத்தோலிக்க தேவாலயம்) வைத்துக் கல்யாணம். அதன் பிறகுதான் ஸ்பான்சர் அப்ளிகேஷன் போட்டோம்.

இப்போது ஆபீசரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான்கு விஷயம் சொல்கிறார். பெண் பார்த்த சில நாளிலேயே நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். ரெஜிஸ்டர் போட்டோவில் மாப்பிள்ளை வீட்டார் யார் என்றே தெரியவில்லை. மாப்பிள்ளையின் 2024 வரிக் கணக்கில் திருமணமாகாதவர் என்று இருக்கிறது. அக்காவுக்கு 2022இல் ஸ்டடி பர்மிட் மறுக்கப்பட்டிருக்கிறது. பதில் கொடுக்க 30 நாள். கல்யாண ஆல்பம், வாட்ஸ்அப் சாட் எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பிவிடலாமா?

கோதையாறு

தம்பி, மொத்தமாக அனுப்ப வேண்டாம். அந்தக் கடிதத்தில் எந்தச் சட்டப் பிரிவு எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் குடிவரவு விதிகளின் 4(1) ஆக இருக்கும். அதில் இரண்டு கேள்வி உண்டு. கல்யாணம் செய்த நேரத்தில் முக்கிய நோக்கம் கனடா போவதா என்பது ஒன்று. இன்றைக்கு அது உண்மையான குடும்ப வாழ்க்கையா என்பது மற்றொன்று. இரண்டில் எதில் தோற்றாலும் மறுக்கலாம். 2010 செப்டம்பர் 30 முதல் விதி அப்படித்தான் இருக்கிறது.

நம்மூர் ஆட்கள் அனுப்பும் பேப்பர் கட்டில் முக்கால் பங்கு கல்யாண நாளைப் பற்றியதுதான். கல்யாணம் நடந்ததா என்று ஆபீசர் கேட்கவே இல்லை. நோட்டீஸுக்கு முன்னால் இரண்டு வீட்டிலும் என்ன பேசினார்கள், கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் எப்படி வாழ்கிறார்கள், இந்த இரண்டு முனையும்தான் காலியாகக் கிடக்கும். உங்கள் பதில் அங்கேதான் கனமாக இருக்கணும்.

எழுதுவதற்கு முன் மூன்று விவரம் வேண்டும். உறவு விவரம் எழுதும் ஐஎம்எம் 5532 ஃபாரத்தில் திருமணத் தேதி என்று எதைப் போட்டீர்கள்? அத்தானுக்கு பிஆர் எப்போது கிடைத்தது? ரெஜிஸ்டரில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மூன்று பேர் யார்?

கருங்கல்காரன்

ஃபாரத்தில் கோயில் கல்யாணத் தேதி, 2025 ஜனவரி. அப்லோட் பண்ணியது ரெஜிஸ்டர் ஆபீஸ் சர்டிபிகேட், 2024 ஜூலை. பிஆர் 2022இல் வந்தது. சாட்சிகள்: அத்தானுடைய தாய்மாமா, எங்கள் அப்பா, எங்கள் சித்தப்பா.

கோதையாறு

பிஆர் 2022 என்றால் பெரிய கண்டம் இல்லை. சட்டப்படி கல்யாணம் ஆன பிறகு, மனைவியைச் சொல்லாமல் பிஆர் லேண்ட் ஆகியிருந்தால் 117(9)(டி) விதியில் மாட்டியிருப்பார். அந்த மனைவியைப் பின்னால் சாதாரண வழியில் ஸ்பான்சர் பண்ண முடியாமல் போகலாம். ரெஜிஸ்டர் முதலில், கோயில் பிறகு என்று வைக்கிற எல்லாரும் இதை முதலில் பார்க்கணும்.

உங்கள் ஃபைலில் சிக்கல் தேதியில்தான். சர்டிபிகேட் ஜூலை என்கிறது, ஃபாரம் ஜனவரி என்கிறது, டிசம்பர் 31 நிலவரப்படி வரிக் கணக்கு திருமணமாகாதவர் என்கிறது. நம் வீடுகளில் கோயிலில் மந்திரிப்பு (பாதிரியாரின் ஆசீர்வாதச் சடங்கு) முடிந்தால்தான் கல்யாணம். அதுவரை பெண் அப்பா வீட்டில்தான் இருப்பாள். ஆபீசருக்கு அது தெரியாது. கனடா சட்டத்துக்கு ஜூலையிலேயே அவர்கள் கணவன் மனைவி. அதனால் தேதிக் குழப்பத்தை மூடி மறைக்காமல் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

ஐஎம்எம் 5532ஐத் திருத்தி, புதுத் தேதியுடன் கையெழுத்துப் போட்டு வையுங்கள். சட்டப்படியான திருமணம் 2024 ஜூலை, சமயச் சடங்கு 2025 ஜனவரி, இடைப்பட்ட காலத்தில் பெண் பெற்றோர் வீட்டில் இருந்தாள், காரணம் இது என்று விளக்கக் கடிதத்தில் நான்கு வரி எழுதினால் போதும். பங்குத் தந்தையிடம் தனிக் கடிதம் வாங்குங்கள். கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் தேதி, இருவரும் திருமணத் தயாரிப்பு வகுப்பு முடித்த தேதி, கோயில் திருமணப் பதிவேட்டின் பக்கம், இவ்வளவும் அதில் வரணும். ஊர் முழுக்கக் கேட்க ஓலை வாசித்த கல்யாணம் என்பது வலுவான சான்று. முதல் அப்ளிகேஷனில் யாரும் இதை வைப்பதில்லை.

வேளிமலை

வரி விஷயத்தை நான் சொல்கிறேன். கல்யாணமானால் அடுத்த மாத முடிவுக்குள் கனடா ரெவென்யூ ஏஜென்சிக்குத் தெரிவிக்கணும். அதற்கான ஃபாரம் ஆர்சி65, மை அக்கவுண்ட்டிலும் மாற்றலாம். அத்தான் இன்றைக்கே 2024 ஜூலைத் தேதி போட்டு நிலையை மாற்றட்டும். அதோடு 2024 கணக்கையும் திருத்தணும். மனைவி கனடாவில் இல்லை என்றாலும் அவருடைய நர்ஸ் சம்பளத்தை டாலராக்கிக் காட்டணும். ஜிஎஸ்டி கிரெடிட் (வருமானத்தைப் பார்த்து அரசு தரும் பணம்) கூடுதலாக வாங்கியிருந்தால் திருப்பிக் கேட்பார்கள், கட்டிவிடலாம். திருத்திய நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட் (வரிக் கணக்கைப் பார்த்து ஏஜென்சி அனுப்பும் கடிதம்) 30 நாளுக்குள் வராமல் போகலாம். திருத்தம் அனுப்பியதற்கான உறுதிப் பக்கத்தை இப்போது வைத்து, நோட்டீஸ் வந்ததும் அனுப்புவோம் என்று எழுதுங்கள்.

அதே நேரம் கம்பெனி இன்சூரன்ஸில் மனைவி பெயர் சேர்ந்திருக்கிறதா, சேமிப்புக் கணக்குகளில் நாமினி யார் என்று பாருங்கள். இன்னும் அம்மா பெயரே இருந்தால் மாற்றலாம். ஆனால் கடிதம் வந்த பிறகு செய்த மாற்றத்துக்கு மதிப்பு குறைவு. அதைப் பழைய சான்று போலக் காட்டாதீர்கள், தேதி தெரியும்படியே வையுங்கள்.

கருங்கல்காரன்

நன்றி அண்ணா. அந்தச் "சில நாளிலேயே நோட்டீஸ்" என்பதற்கு என்ன எழுதுவது? பழக்கம் இப்படித்தான் என்று எழுதினால் போதுமா?

கோதையாறு

பழக்கம் என்று ஒரு வரியில் விட்டால் எடுபடாது. நடந்ததை வரிசையாக எழுதணும். சம்பந்தம் யார் மூலம் வந்தது, தரகரா, உறவா, பங்கு ஆட்களா? ஃபோட்டோவும் பயோடேட்டாவும் எந்த மாதம் கை மாறின? அத்தான் ஊருக்கு வரும் முன் போனில் பேசினார்களா? யார் யாரைப் பற்றி விசாரித்தார்கள்? பெண் பார்க்க யார் யார் போனார்கள், மாப்பிள்ளை வீடு பார்க்க உங்கள் பக்கம் யார் போனார்கள்? பயோடேட்டா வந்த வாட்ஸ்அப் செய்தியைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அது மார்ச்சில் வந்திருந்தால் "சில நாள்" என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

ஸ்பெஷல் மேரேஜ் நோட்டீஸ் உங்களுக்கு எதிரானது இல்லை. நோட்டீஸ் கொடுத்து 30 நாள் ஆபீஸ் பலகையில் ஒட்டி, ஆட்சேபம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பதிவு. மூன்று மாதத்துக்குள் பதியாவிட்டால் நோட்டீஸே செல்லாது. அவசரமாக மறைத்துச் செய்கிற கல்யாணத்துக்கு யாரும் இந்த வழியில் போக மாட்டார்கள். நோட்டீஸ் நகலை விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்.

சாட்சிகளில் ஒருவர் அத்தானுடைய தாய்மாமா. மாப்பிள்ளை வீட்டார் யார் என்று தெரியவில்லை என்ற குறைக்கு இதுவே நேரடிப் பதில். போட்டோவில் அவர் நிற்கும் இடத்தைக் காட்டி, பெயர், உறவு, பதிவேட்டில் எத்தனையாவது கையெழுத்து என்று கீழே எழுதுங்கள். அத்தானுடைய அம்மா அன்று வரவில்லை என்றால், ஏன் என்பதையும் சொல்லுங்கள். உடம்பு சரியில்லையா, கோயில் கல்யாணம்தான் முக்கியம் என்று வீட்டில் இருந்தாரா? உள்ள காரணம் எதுவோ அது.

முட்டம்_லைட்ஹவுஸ்

போட்டோ பற்றி ஒரு சொல். முதல் அப்ளிகேஷன் செக்லிஸ்ட்டில் போட்டோ 20, சாட் 10 பக்கம் என்று வரம்பு இருக்கிறது. இந்தப் பதிலிலும் அந்த அளவை ஒட்டியே போங்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்திலும் முட்டம் கடற்கரையிலும் எடுத்த அவுட்டோர் ஷூட்டில் இரண்டு பேர் மட்டுமே இருப்பார்கள், அதில் ஒன்று போதும். பதிவேட்டில் கையெழுத்திடும் படம், பந்தியில் இரு வீட்டாரும் சேர்ந்து பரிமாறும் படம், மறுவீடு, அதற்குப் பின் வந்த பண்டிகை, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் வழியனுப்பும் படம் என்று காலம் நகர்வது தெரியணும். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், ஆட்கள், உறவு.

சாட்டில் ஒரே வாரத்தின் பத்துப் பக்கம் வேண்டாம். மாதத்துக்கு ஒரு பக்கம் எடுங்கள். குட் மார்னிங், சாப்பிட்டியா போன்றவற்றை விடுங்கள். மாமியாரின் சுகர் மாத்திரை, கரண்ட் பில், நைட் டியூட்டி, அங்கே வாடகை வீடு தேடுவது, இப்படிக் குடும்பக் காரியம் பேசிய பக்கங்கள்தான் கனம். ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்திருந்தாலும் அது தமிழ்தான், மொழிபெயர்க்கணும்.

மொழிபெயர்ப்பில் பலர் சறுக்குகிறார்கள். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் செய்தால் ஏற்க மாட்டார்கள், குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றால், செய்தவர் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கணும். கல்யாணக் கார்டு, ஓலை விவரம், பங்குக் கடிதம் தமிழில் இருந்தால் எல்லாவற்றுக்கும் இதுதான். கடிதத்தை ஆங்கிலத்திலேயே கேட்டு வாங்கினால் ஒரு வேலை குறையும்.

நெய்யூர்_வாசி

அக்கா இப்போது எங்கே தங்குகிறார்? மாமியார் வீட்டில் என்றால், அதைக் காட்டும் பேப்பர் நம்மூரில் நிறைய இருக்கிறது. அப்பா வீட்டு ரேஷன் கார்டில் பெயர் நீக்கி, மாப்பிள்ளை வீட்டு ஸ்மார்ட் கார்டில் சேர்த்ததற்கான பதிவு, மாறிய ஆதார் முகவரி, புதுப் பங்கில் அன்பியக் (பங்கின் சிறு குடும்பக் குழு) குடும்ப விவரம். அத்தான் அனுப்பும் பணம் யார் அக்கவுண்ட்டுக்குப் போகிறது என்பதும் முக்கியம். அப்பா அக்கவுண்ட்டுக்குப் போயிருந்தால் அதற்கும் காரணம் எழுதுங்கள்.

கோயில் சர்டிபிகேட்டில் ஞானஸ்நானப் பெயர், பாஸ்போர்ட்டில் ஸ்கூல் பெயர் என்று மாறியிருந்தால் இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் சேர்க்கணும். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால், கனடா ஃபாரத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு மற்றதைக் காலியாக விடணும். அக்கா பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏற்றினால்தான் நடக்கும் என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம், அது கட்டாயமில்லை.

இன்னொன்று, அழுத்திச் சொல்கிறேன். ரொக்கம், நகை, நிலம் என்று எழுதிய ஸ்திரீதனப் (நம்மூரில் வரதட்சணை) பட்டியலைச் சான்றாக வைக்காதீர்கள். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

கருங்கல்காரன்

அக்கா ஜனவரியிலிருந்து திங்கள்சந்தை பக்கம் அத்தான் வீட்டில்தான் இருக்கிறார். ரேஷன் கார்டு மாற்றியாயிற்று. பயோடேட்டா வாட்ஸ்அப்பில் மார்ச் தேதியே இருக்கிறது. ஸ்டடி பர்மிட் மறுப்பை எப்படிச் சொல்வது? ஃபாரத்தில் "ஆம்" என்றுதான் போட்டிருக்கிறோம்.

கோதையாறு

பின்னணி விவரம் கேட்கும் ஐஎம்எம் 5669 ஃபாரத்தில் "ஆம்" போட்டது உங்களைக் காப்பாற்றுகிறது. மறைத்திருந்தால் தவறான தகவல் என்று ஐந்து வருடம் தடை வந்திருக்கும். படிக்க விரும்பினார், கிடைக்கவில்லை, அதன் பிறகு நாகர்கோவிலில் வேலைக்குச் சேர்ந்து தொடர்ந்து வேலை பார்க்கிறார் என்று நேராக எழுதுங்கள். ஆஸ்பத்திரியின் பணிச் சான்று, சம்பளச் சீட்டு சேருங்கள். கனடாவுக்காகவே கட்டினாள் என்ற சந்தேகத்துக்குப் பதில், இந்த வரனை ஏன் எடுத்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது. கணவர் அங்கே இருக்கும்போது மாமியாரோடு இங்கே குடும்பம் நடத்துகிறாள் என்பது ஒரு பக்கம். வேறு வரன்கள் வந்தனவா, அவற்றை ஏன் விட்டீர்கள் என்பது இன்னொரு பக்கம். அக்காவும் அத்தானும் தனித்தனியாக எழுதட்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுத வேண்டாம். பிறகு பக்கத்தில் வைத்துத் தேதி, இடம் மட்டும் ஒத்துப் பாருங்கள். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால் யாரோ எழுதிக் கொடுத்தது என்று தெரிந்துவிடும்.

ஜிசிஎம்எஸ் குறிப்புகளுக்கு (ஆபீசர் ஃபைலில் எழுதும் உள்குறிப்புகள்) அத்தான் இன்றே விண்ணப்பிக்கட்டும், கனடாவின் தகவல் உரிமைச் சட்ட வழியில் 5 டாலர். ஆபீசர் கடிதத்தில் எழுதாத சந்தேகம் ஏதாவது இருந்தால் அங்கே தெரியும். ஆனால் அது வரவும் 30 நாள் ஆகலாம், அதை நம்பிப் பதிலைத் தள்ளிப்போடக் கூடாது. பங்குக் கடிதமோ நோட்டீஸ் நகலோ தாமதமானால், கெடு முடியும் முன்பே காரணம் சொல்லி நீட்டிப்புக் கேளுங்கள். கெடு முடிந்த பிறகு கேட்டால் பயனில்லை.

அடுக்கும் முறை: முதலில் விளக்கக் கடிதம், மூன்று பக்கத்துக்குள். ஆபீசர் சொன்ன நான்கு விஷயத்தையும் அவர் எழுதிய அதே வரிசையில் தலைப்பாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் பதிலும் இணைப்பு எண்ணும் கொடுங்கள். பிறகு இணைப்புகள், எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தொடர் எண்.

கருங்கல்காரன்

இதையும் மீறி மறுத்தால்?

வேளிமலை

அக்கா இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தவர் என்பதால், ஸ்பான்சரான அத்தானுக்கு ஐஏடி என்ற குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவில் அப்பீல் உரிமை இருக்கிறது. மறுப்புக் கடிதம் கையில் கிடைத்து 30 நாளுக்குள் மனு போடணும். அங்கே புதுச் சான்றும் வைக்கலாம், இருவரையும் சாட்சியாக விசாரிப்பார்கள். அதற்கும் இப்போது அனுப்பும் கட்டுதான் அடித்தளம். அதனால் பங்குக் கடிதம், நோட்டீஸ் நகல், நோட்டரி பத்திரம் மூன்றின் ஒரிஜினலையும் கொடுத்துவிடாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கேன் மட்டும் அனுப்புங்கள். பதில் அனுப்பியதும் வரும் உறுதிச் செய்தியைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.