வீட்டுக்குள்ள நடந்த விபத்து, உங்க தெருவுல என்ன ஆச்சு? (அனுபவப் பகிர்வு)

முக்கூடல் பக்கம்:
எங்க தெருவுல பாதிப் பேருக்கு பீடி சுத்துறதுதான் வேலை. போன ஐப்பசில எதிர்வீட்டுப் பிள்ளை, இப்பத்தான் நடை பழகுறான், இறக்கி வச்ச உலைப் பானைக்குள்ள கைய விட்டுட்டான். அடுக்களைல மேடை கிடையாது, எல்லாம் தரையிலதான். பதட்டத்துல யாரோ பேஸ்ட்டத் தடவிட்டாங்க. திருநெல்வேலி ஹைகிரவுண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில அத வழிச்சு எடுக்கும்போது அவன் கத்துன கத்து இன்னும் தாங்கல.

வைத்தியத்துக்குக் காசு வாங்கல. ஆனா அம்மாக்காரி வார்டுலயே கிடந்தா. பீடி கொடுக்காத நாளுக்குக் கூலி இல்ல. குழுக் கடன் தவணை மட்டும் தவறாம வந்து நிக்கும். ஒருத்தி கட்டலன்னா மத்தவங்கதான் கட்டணும். பங்கு போட்டுக் கட்டுனோம். ஒரு அக்கா மக காலேஜ் பீஸுக்கு வச்சிருந்தத எடுத்துக் கொடுத்தாங்க. பீடிக் கம்பெனி பாஸ்புக்குல அவ கணக்கு நின்னுடக் கூடாதுன்னு பீடி இலையும் தூளும் வாங்கி வந்து ராத்திரி நாங்களே சுத்துனோம். காயம் பட்டது ஒரு பிள்ளை, காசு போனது எத்தனை வீட்டுல! விரல் ஒட்டிப் போகாம இருக்க இன்னும் பயிற்சிக்குத் தூக்கிட்டுப் போறா. அந்த நாளெல்லாம் கூலி போச்சு.

திருவண்ணாமலை மாவட்டம்:
எங்க ஊர் டேங்க் ஆபரேட்டர் அண்ணன் அவர் வீட்டு பாத்ரூம்ல பாசி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுது. எந்த வால்வைத் திறந்தா எந்தத் தெருவுக்குத் தண்ணி போகும்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். மேட்டுத் தெருவுக்கு வாரக்கணக்கா தண்ணி ஏறல. பொம்பளைங்க குடத்தோட வயக்காட்டு மோட்டாருக்கு நடந்தாங்க. மகன் திருப்பூர் வேலைய விட்டுட்டு வந்துட்டான். சொரசொரப்பான கல்லும் பிடிச்சுக்க ஒரு கம்பியும் போட என்ன பெரிசா ஆகியிருக்கும்?

செவிலியர், மதுரை:
என்னால் தாங்க முடியாதது ஆசிட்தான். கழிப்பறை ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் வாங்கி வைக்கிறார்கள். பிள்ளை தாகத்தில் எடுத்துக் குடித்துவிடுகிறது. உணவுக்குழாய் சுருங்கிவிட்டால் அதை விரிக்கத் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஆசிட்டோ மண்ணெண்ணெயோ, வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் மேலே வரும்போது மறுபடி சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். அந்த பாட்டிலையும் கையோடு கொண்டு வாருங்கள்.

முக்கூடல் அக்கா, சுட்ட இடத்தை உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டணும். பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் வேண்டாம்.

முக்கூடல் பக்கம்:
குழாய்ல காலைல மட்டும்தான் தண்ணி வரும் சிஸ்டர். குடத்துத் தண்ணிய ஊத்தலாமா?

செவிலியர், மதுரை:
தாராளமா. சுத்தமான தண்ணீரா, விடாம ஊத்திக்கிட்டே இருங்க அக்கா.