செம்மறியின் முதல் வயிற்றுக்குள் இருக்கும் முளைகளுக்கு என்ன பெயர்? (வெள்ளிக்குள் வேண்டும்)

திங்கள், ஹட்டனிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆடு வளர்ப்பு வகுப்பு ஒன்று எடுக்கிறேன். அதற்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். செம்மறி தின்ற தீனியின் சத்து எப்படி இரத்தத்தில் சேருகிறது என்ற அத்தியாயத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். சிறுகுடலுக்குள் இருப்பதற்கு நம் பாடநூலில் சடைமுளை என்று சொல் இருக்கிறது, சரி. ஆட்டு வயிற்றின் நாலு அறைகளில் முதலாவது, அந்த முதல் வயிற்றின் உட்சுவரிலும் விரல் விரலாக நிறைய இருக்கிறதே, ஆங்கிலத்தில் பப்பிலா என்கிறார்கள், அதற்கு என்ன எழுதுவது? போன முறை இரண்டையும் சடைமுளை என்றே சொல்லிக்கொடுத்தேன். பரீட்சையில் முக்கால்வாசிப் பேர் செம்மறி எல்லாச் சத்தையும் சிறுகுடலில்தான் எடுக்கிறது என்று எழுதி வைத்திருந்தார்கள். அது பிள்ளைகளுடைய பிழை இல்லை, என்னுடையது.

திங்கள் இரவு, பேராதனையிலிருந்து

டீச்சர், நீங்கள் பயப்படுவது நியாயம்தான். இரண்டும் ஒன்று இல்லை. சடைமுளை ஒரு மில்லிமீற்றர்கூட வராது, மேலே ஒரே அடுக்குக் கலம்தான், உள்ளே இரத்த மயிர்க்குழாயும் நிணநீர்க்குழாயும் ஓடும். முதல் வயிற்று முளை வெறும் கண்ணுக்கே தெரியும், பல மில்லிமீற்றர் நீளம், மேலே நம் தோலைப்போலப் பல அடுக்கு. இரண்டும் எடுக்கிற பொருளும் வேறு. புல் முதல் வயிற்றில் நுண்ணுயிர்களால் நொதித்து அசெற்றிக், புரொப்பியோனிக், பியூற்றிரிக் என்று மூன்று அமிலங்களாகிறது. அவற்றில் பெரும்பகுதி குடல் வரைக்கும் போவதே இல்லை, அந்தச் சுவர் வழியாகவே இரத்தத்துக்குப் போய்விடுகிறது. ஆட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் அதில்தான். குளுக்கோசு குடலில் மிகக் கொஞ்சமே கிடைக்கும், தேவையானதை ஈரல் புரொப்பியோனிக்கிலிருந்து செய்துகொள்கிறது. அமினோ அமிலங்கள்தான் சிறுகுடலில். அதனால் பெயரைக் கேட்டதுமே இது வயிற்றில் இருப்பது என்று தெரிய வேண்டும், எனக்கு அவ்வளவு போதும்.

செவ்வாய், பதுளையிலிருந்து

தங்கச்சிக்கு வாழ்த்துகள். முளைக்குப் பெயர் தேடுவதற்கு முன்னால் வினையைப் பார்க்க வேண்டாமா? சத்து சுவரைக் கடந்து இரத்தத்தில் சேருவதை அகத்துறிஞ்சல் என்று பாடநூலில் எழுதுகிறோம். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவன் நான், ஒரு பையன் எழுந்து நின்று "சேர், துறிஞ்சல் என்றால் என்ன?" என்று கேட்டது இன்னும் மறக்கவில்லை. அகம் அத்துச் சாரியை பெற்று அகத்து ஆகி, உகரம் கெட்டு உறிஞ்சலோடு புணர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் உறிஞ்சல் சரியான வினையா? தேயிலை மலையில் நம் காலில் ஏறும் அட்டை உறிஞ்சுகிறது, அதற்கு வாய் உண்டு. வயிற்றுச் சுவருக்கு ஏது வாய்? அமிலம் உள்ளே அடர்ந்திருக்கிறது, இரத்தத்தில் குறைவாக இருக்கிறது, தானே கடந்து போகிறது. தலையில் வைத்த எண்ணெய் சுவறுவது போல, மணலில் தண்ணீர் சுவறுவது போல. சுவறல் என்று அருமையான சொல் கையில் இருக்க, அட்டையிடம் எதற்குக் கடன்?

இன்னொன்று. அசைபோடுதல் என்கிறோமே, அகநானூற்றில் அதற்கு மெல்கிடுதல் என்றே வருகிறது, "மெல்கிடு கவுள". கைநூலில் அதையும் சேர்க்கலாம். அசை என்பது யாப்பில் எழுத்துக்கும் சீருக்கும் நடுவில் நிற்பது, ஆடும் எழுத்தை மென்று சீராக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய், நுவரெலியாவிலிருந்து

ஐயா, வெள்ளிக்கிழமை அச்சு. மெல்கிடுதலை நான் ரசிக்கிறேன், ஆனால் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிற பிள்ளைக்கு "ஆடு அசைபோடுது" என்றால் உடனே புரியும், மெல்கிடுகிறது என்றால் ஆட்டுக்கு ஏதோ நோய் என்று ஓடிப்போகும். அகத்துறிஞ்சலைத் தொட வேண்டாம். பரீட்சைத் தாளில் அதுதான் வருகிறது, அதில் இவர்கள் புள்ளி எடுக்க வேண்டும். முளைக்கு மட்டும் பேசுவோம். எங்கள் அம்மா பாபத், அதாவது கறிக்கு வாங்கும் வயிறு, கழுவும்போது "துண்டு மாதிரி இருக்கிறது பார்" என்பார், தேங்காய்ப்பூத் துண்டைத்தான் சொல்வார். அங்கேயிருந்து ஒரு சொல் எடுக்க முடியாதா?

செவ்வாய் மாலை, பதுளையிலிருந்து

துண்டு என்றால் துணுக்கு என்றும் பொருள்படும். துகில் என்று வைக்கலாமே. துகில்முளை! சொல்லும்போதே மெத்தென்று இருக்கிறது.

(செம்மறி என்ற சொல்லையும் ஒருநாள் பேச வேண்டும். தொல்காப்பிய மரபியலில் ஆடு, குதிரை, மான் இவற்றின் குட்டிக்கெல்லாம் மறி என்று பெயர். குட்டிக்கு உரிய சொல் வளர்ந்த விலங்குக்கு எப்படி நிலைத்தது? துருவை என்று தனிப்பெயர் இருக்கும்போது?)

புதன், ஹட்டனிலிருந்து

இன்றைக்குச் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் செம்மறி கிடைப்பதே அரிது, வெள்ளாட்டு வயிறுதான் கிடைத்தது, அமைப்பு ஒன்றுதானே. கழுவாமல் வாங்கி, வகுப்பில் தினத்தாள் விரித்து, வெட்டித் திறந்தேன். நாற்றத்துக்குப் பின்வரிசை மொத்தமும் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டது. அரைத்த புல்லை வழித்துத் தண்ணீர் ஊற்றினேன், அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அடிப்பக்கத்தில் முளை அடர்த்தி, கறுத்த பச்சை, விரலை ஓட்டினால் ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி நிமிருகிறது. மேற்பக்கத்தில் அருகல். உள்ளே தடித்த மடிப்பாக நிற்கிற தூண்களில் ஒன்றுமே இல்லை, வழுவழு. ஒரு பெண் பிள்ளை "டீச்சர், மாட்டு நாக்கு" என்றாள். இன்னொருவன் "பீலியடிப் பாசி" என்றான், தண்ணீர் விழும் பீலியைத்தான் சொன்னான். ஒருவரும் துகில் என்று சொல்லவில்லை, ஐயா மன்னிக்கவும்.

புதன் இரவு, பேராதனையிலிருந்து

அருகல் என்றீர்களே, அதற்குக் காரணம் உண்டு. அமிலம் அதிகம் படும் இடத்தில்தான் முளை வளரும். பிறந்த குட்டியில் பார்த்தால் முதல் வயிறு சிறியது, முளை வெறும் புள்ளிதான். குடிக்கிற பால் ஒரு வாய்க்கால் வழியாக நேரே நாலாவது வயிற்றுக்குப் போய்விடும். குட்டி புல்லும் தீவனமும் கடிக்கத் தொடங்கியபின், முக்கியமாக பியூற்றிரிக் அமிலம் பட்டு, முளை நீளும். முளை என்ற சொல் இங்கே உண்மையிலேயே பொருந்துகிறது, ஏனென்றால் அது முளைக்கிறது. ஆனால் ஒரேயடியாகத் தானியத்தைக் கொட்டினால் அமிலம் மிஞ்சி அதே முளை வெந்து கெடும். இதைக் கைநூலில் கட்டாயம் போடுங்கள், சோறு மிச்சத்தைச் சட்டியோடு ஆட்டுக்கு வைக்கிற வழக்கம் நம் லயங்களில் உண்டு.

என் வாக்கு வயிற்றுமுளைக்கு. அழகில்லை, தெரியும்.

வியாழன், நுவரெலியாவிலிருந்து

வயிற்றுமுளைக்கு நானும். அந்தப் பிள்ளை சொன்ன மாட்டு நாக்கை வைத்து நாமுளை என்றாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நாக்கில் இருப்பதற்கு அந்தப் பெயர் வேண்டியிருக்குமே.

வியாழன், கண்டியிலிருந்து

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பப்பிலா என்றே எழுதினால் என்ன? அசெற்றிக், புரொப்பியோனிக் என்று அமிலத்துக்கெல்லாம் கூச்சமில்லாமல் எழுதுகிறோம். நாளைக்கு இந்தப் பிள்ளைகளில் ஒருவர் மேலே படிக்கப் போனால் அந்தச் சொல்தான் எதிரில் வரும்.

வியாழன், பதுளையிலிருந்து

அமிலம் உலகத்துக்குப் பொது, தம்பி. வயிறு நம்முடையது, கழுவிச் சமைத்துத் தின்கிறோம், அதற்குப் பெயர் வைக்கத் தெரியாதவர்களா நாம்? வயிற்றுமுளை என்பது கட்டி வந்தவன் ஆஸ்பத்திரியில் சொல்கிற பெயர் மாதிரி இருக்கிறது. நான் உடன்படவில்லை என்று பதிந்துகொள்ளுங்கள்.

வியாழன் இரவு, ஹட்டனிலிருந்து

பதிந்தாயிற்று ஐயா. மூன்று பேர் வயிற்றுமுளை (என்னையும் சேர்த்து), ஒருவர் துகில்முளை, ஒருவர் பப்பிலா. முதல் தடவை வரும் இடத்தில் "முதல் வயிற்றின் உட்சுவரில் துண்டுப் பூப்போல எழும் முளைகள்" என்று விளக்கம் எழுதி, அப்புறம் வயிற்றுமுளை. சுவறலை ஒரு வாக்கியத்தில் வைத்திருக்கிறேன்: "அமிலம் வயிற்றுமுளை வழியாகச் சுவறி இரத்தத்தை அடைவதும் அகத்துறிஞ்சலே." கண் எரிகிறது, அனுப்பிவிட்டேன்.

சனி, ஹட்டனிலிருந்து

அச்சுப்படி வந்தது. ஏழு இடத்தில் வயிற்றுமுளை சரியாக இருக்கிறது, மூன்று இடத்தில் "வயிற்றுமூளை". திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், திங்கள்தான் கிடைக்குமாம்.

சனி, பதுளையிலிருந்து

துகில் என்று மட்டும் வைத்தால் இந்த ஆபத்து இல்லை. திங்கள்தான் என்றால் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.